பெட்டியின் மறுமுனை

பேசுகிறவர்கள் வரிசையில் மெஹபூப் பாஷா நான்காவது ஆள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆறு பேர் பேசி இறங்கிவிட்டார்கள். அவரை இன்னும் கூப்பிடவில்லை.

அடையாறில் ஒரு சின்ன அரங்கம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். போன மாதம் செத்துப்போன ராக் கிடார்க்காரர் டெரன்ஸுக்கு அவருடைய ரசிகர்கள் நடத்தும் நினைவுக் கூட்டம். மேடையில் டெரன்ஸின் படம், ரோஜா மாலை, படத்தைச் சுற்றி மினுக்கிக்கொண்டிருக்கும் சீரியல் விளக்கு. எல்லோரும் இங்கிலீஷ் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள். ஆனாலும் செத்தவர் படத்துக்குச் சீரியல் விளக்கு போடாமல் இருக்க அவர்களாலும் முடியவில்லை.

பாஷா வடபழனியில் ஒரு சவுண்ட் சர்வீஸில் பெட்டி தூக்கியவர். ஸ்பீக்கர் பெட்டி. ஒரு பெட்டிக்கு இரண்டு ஆள் வேண்டும். டெரன்ஸின் குழு எங்கே வாசித்தாலும் பெட்டி ஏற்றி, ஒயர் இழுத்து, எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின் மறுபடி இறக்கி வண்டியில் அடுக்கியது பாஷாதான். இப்போது முட்டி இரண்டும் போய்விட்டன. வீட்டில் இருக்கிறார்.

பக்கத்தில் அவர் மகள் ரூபீனா. தி.நகரில் துணிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் பர்மிஷன் கேட்பதும் வேலையை விடுகிறேன் என்று சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். சூப்பர்வைசர் இதற்குள் இரண்டு முறை போன் செய்துவிட்டான்.

அவள் வரவேண்டும் என்று பாஷாதான் பிடிவாதம் பிடித்தார். அவர் மனைவி ஷாகிரா இருந்தவரை, அந்தக் குடிகாரன் பின்னால் சுற்றியே மனுஷன் இடுப்பை ஒடித்துக்கொண்டான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ரூபீனா அதைக் கேட்டு வளர்ந்தவள். டெரன்ஸ் எப்பேர்ப்பட்ட ஆள் என்று வீட்டில் பாஷா வாயைத் திறந்தால் டிவி சத்தம் கூடும். மேடையில் நின்று மைக்கில் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும். தான் யார் பின்னால் ஓடினோம் என்று அவள் ஒருமுறை காதால் கேட்கட்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

ஏழாவதாக ராகவேந்திரன் பேசிக்கொண்டிருந்தார். டெரன்ஸைப் பார்த்துத் தானும் ஒரு கிடார் வாங்கினதைச் சொல்ல ஆரம்பித்தவர், இன்னும் அந்தக் கிடாரை விட்டு வெளியே வரவில்லை. பின்வரிசையில் கிச்சா என்ற பழைய ரசிகரும் இன்னொருத்தரும் தனியாக ஒரு சண்டையில் இருந்தார்கள். ஏதோ ஒரு கல்லூரி விழாவில் டெரன்ஸ் தனியாக வாசித்தது ஏழு நிமிஷமா பதினோரு நிமிஷமா என்று.

"பதினொண்ணு மாமா. நின்னு கேட்டவன் நான்."

"அன்னிக்கி நீ நிக்கற நெலமைலயா இருந்தே?"

இதற்கு நடுவில் ஸ்பீக்கர் உர்ர் என்று உறுமிக்கொண்டே இருந்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்தே அந்தச் சத்தம் பாஷாவின் பல்லுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. சீரியல் விளக்கையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே போர்டில் சொருகியிருக்கிறார்கள். கால் தானாக எழுந்தது. ரூபீனா அவர் தொடையில் கை வைத்து அழுத்தினாள்.

"உக்காரு அப்பா. இன்னிக்கி நீ கெஸ்ட்டு."

உட்கார்ந்தார். மறுபடி எழப் பார்த்தார். சட்டைப் பொத்தானைத் திருகினார். முன்வரிசையில் டெரன்ஸின் மனைவி பியாட்ரிஸ் கர்ச்சீப்பைக் காதில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரூபீனாவின் போன் மூன்றாம் முறை அதிர்ந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனதும் பாஷா எழுந்து மேடையின் ஓரமாகப் போய்ச் சீரியல் விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

உறுமல் நின்றது. டெரன்ஸின் முகமும் இருண்டது. அரங்கமே ஐயோ என்றது. யாருய்யா அது, படத்து வெளிச்சத்தை அணைக்கிறது என்று நாலு பக்கமும் குரல் வந்தது. ராகவேந்திரன் பேச்சு அறுந்துபோன கோபத்தில் மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த பரத்வாஜ், நரைத்த முடியைப் பின்னால் குடுமி போட்ட ஆடிட்டர், ஓடிவந்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார். திட்டவில்லை.

"பாஷா பாய், மன்னிச்சுக்கோங்கோ, ரொம்ப நாழி காக்க வெச்சுட்டேன். ஏறுங்கோ, அடுத்தது நீங்கதான்."

பாஷா ஏறினார். வாசலில் ரூபீனா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நின்றுவிட்டாள். அவள் பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டியதை ஒரு வாரமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார். மைக்கைக் கையில் எடுத்தார். ஆயுசு முழுக்க மைக்கை எடுத்தால் என்ன சொல்லுவாரோ அதுதான் வாயில் வந்தது.

"செக். செக். ஒன், டூ. செக்."

சொல்லிவிட்டு மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, படியில் ஒரு கால் இறக்கியும் விட்டார்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து கிச்சா ஒரு ஊளை விட்டார். அடுத்து இன்னொருவர். அப்புறம் அரங்கம் முழுக்க எழுந்து கத்த ஆரம்பித்தது. பாஷாவுக்குப் புரியவில்லை. பரத்வாஜைத் தவிர அவர் முகம் அவர்களில் அநேகமாக யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குரல் தெரியும். மேடை இருட்டாகக் கிடக்க, அந்தக் கரகரத்த குரல் செக் சொல்லி ஓய்ந்தால் அடுத்து இடப்பக்கத்திலிருந்து டெரன்ஸ் வருவார். எத்தனையோ வருஷம் அவர்கள் அதைக் கேட்டுத்தான் இப்படிக் கத்தியிருக்கிறார்கள். கத்தியவர்களில் பாதிப்பேர், தங்களை அறியாமல், மேடையின் இடப்பக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் தண்ணீர் கேனும் இருந்தன. கத்தல் ஒழுங்கில்லாமல் அடங்கியது. ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

"ஒன்ஸ் மோர் பாய்," என்றார் கிச்சா.

பாஷா திரும்ப ஏறி மைக்கைப் பிடித்தார். "வோணாம் சார். நான் பேசத்தான் வந்துகீறேன். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

அவர் சொன்னது சின்ன விஷயம்தான். நிகழ்ச்சி முடிந்தால் வாசித்தவர்கள் எல்லோரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விடுவார்கள். டெரன்ஸ் போகமாட்டார். இருப்பதிலேயே கனமான பாஸ் ஸ்பீக்கர் பெட்டியின் மறுமுனையைப் பிடிக்க வருவார். அந்தப் பெட்டி விரலில் விழுந்தால் விரல் போச்சு. விடுங்க சார், உங்க கையி இன்னா கையி, என்று பாஷா கெஞ்சியிருக்கிறார். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் மூன்று மாடி இறக்கியிருக்கிறார் மனுஷன், குடித்தும் இருக்கிறார், குடிக்காமலும் இருக்கிறார். ஒயரை விட்டெறிந்து பாஷாவைத் திட்டியதும் உண்டு. ஆனால் பெட்டியை விட்டதில்லை.

"ஒரு தபா கேட்டேன், ஏன் சார் உங்களுக்கு இந்த வேலைன்னு. நீ ஒருத்தனே தூக்கினா உன் இடுப்பு போயிடும், அப்புறம் நான் எது மேல வாசிக்கிறதுன்னாரு. கிடார் எப்டி வாசிச்சாருன்னு எனக்குத் தெரியாது சார். பொட்டிக்குப் பின்னால நின்னா எல்லாம் தொம் தொம்னுதான் கேக்கும். நான் அவரு ரசிகன்னா, அது இதுக்குத்தான்."

கைதட்டினார்கள். பாஷா வாசலைப் பார்த்தார். ரூபீனா கண் கொட்டாமல் நின்றுகொண்டிருந்தாள். வந்த வேலை முடிந்தது என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது பியாட்ரிஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். மைக் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கிக் குடுத்ததில்ல பாய் உங்க சார். சாந்தோம்ல மாடி வீடு. கைப்பம்பு கீழ. கேட்டா, விரல் போயிடும் பியா, விரல்தானே சோறு போடுதும்பார்."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மகள் ஷெரில் அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"ரெண்டு புள்ள வயித்துல இருக்கும்போதும் நான்தான் தூக்கினேன். உங்களுக்குத் தூக்கினார்னு இன்னிக்குத்தான் தெரியுது."

பாஷா மைக்கை ஸ்டாண்டில் மாட்டினார். தெரியாதும்மா, என்றார். இறங்கினார். பரத்வாஜ் அவசரமாக அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கடைக்குத் திரும்பும் அவசரத்தில் பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் வேகமாக நடந்தார்கள். நடந்தது ரூபீனா, பாஷா முட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். நிறுத்தத்தில் நின்றதும் கேட்டுவிட்டார்.

"எப்டி இருந்துச்சு?"

"நல்லாத்தான் பேசுன."

"அவ்ளோதானா?"

ரூபீனா ரோட்டைப் பார்த்தாள். எந்த பஸ்ஸும் காணோம்.

"அந்தம்மா சொன்னதுதான் காதுலயே நிக்குது. நீ மட்டும் இன்னா? தண்ணி லாரி வந்தா அம்மாதானே கொடத்தோட எறங்கும். மூணு மாடி. நீ படுத்துனு இருப்ப."

பெட்டி தூக்கிவிட்டு வந்தவனுக்கு இடுப்பு போனால் மறுபடி யார் தருவார்கள் என்று சொல்ல வாயெடுத்தார் பாஷா. அந்த வாக்கியம் பாதியில் அவருக்கே டெரன்ஸின் குரலாகக் கேட்டது. நிறுத்திக்கொண்டார். ஷாகிராவும் குடத்தோடு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் ஏறுவாள். உள்ளே படுத்தபடி அவர் அந்த மூச்சைக் கேட்டிருக்கிறார்.

"தூக்கல," என்றார்.

"இத மைக்ல சொல்லியிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவருக்குத் திருப்பிக் கோபப்படவும் வழியில்லை. பஸ் நிரம்பி வழிந்துகொண்டு வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள், அவர் பின்வாசலில். நடுவில் அத்தனை ஜனம். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். பாஷா உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்று, தலைகளுக்கு மேலாக அவளைத் தேடிக்கொண்டே வந்தார். தி.நகரில் அவள் இறங்கிக் கடைப் பக்கம் ஓடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கூப்பிட்டார். கூட்டத்தில் கேட்டிருக்காது.