பதினொரு இன்ட்டு

பண்பொழிக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், 2023 சாரல் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பாடவேளையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேருக்கும் குரல் போய்விட்டது. நல்லொழுக்கத்திலும் மனநலத்திலும் சிறந்த வகுப்புக்குக் கேடயம் என்று அறிவித்திருந்த வாரம் அது. வகுப்பாசிரியை பேராச்சி டீச்சருக்கு அதன்மேல் ஒரு கண். வெளியே போகும்போதெல்லாம் லீடர் சுப்புவிடம் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொல்வார். திரும்பத் திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் தடவைக்கு ஒரு இன்ட்டுக் குறி. அன்று அவர் வந்து பார்த்தபோது மொத்த வகுப்பும் போர்டில் இருந்தது. சுப்பு தன் பெயரையும் எழுதியிருந்தான். டீச்சர் டஸ்டரால் துடைத்துக்கொண்டே வந்தார். மூலையில் சஃப்ரின் பெயரும் பதினொரு இன்ட்டும் கண்ணில் பட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வர, டஸ்டரை வீசிவிட்டு வலது உள்ளங்கையாலேயே அதை அழித்தார். பிறகு வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். இருபத்தாறு வாய்களும் அசைந்தன, சத்தம்தான் வரவில்லை.

தென்காசி டாக்டர் இருபத்தாறு தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்து, சளிகூட இல்லை என்றார். டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. திருமலைக் கோயில் படி ஏறினார். பொட்டல்புதூர் தர்காவுக்குப் போய் பாத்திஹா ஓதக் கொடுத்தார். பிள்ளைகளை வேனில் ஏற்றி ஐந்தருவிக்குக் கொண்டுபோய், "கத்துங்கலே, கத்துங்க" என்று தானே தொண்டை கிழியக் கத்தினார். சிப்ஸ் கடைக்காரர்கள் எண்ணெய்ச் சட்டியை மறந்து அவரையே பார்த்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரியோ, இவ்வளவு ஒழுக்கமான வகுப்பை மாவட்டத்திலேயே பார்த்ததில்லை என்று மெச்சிக் கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பாவி, அதையும் வாங்கி வைத்துக்கொண்டோமே என்று டீச்சர் கழிப்பறைக்குள் நின்று அழுதார்.

ஒன்பதாம் நாள், தினமும் டஸ்டரைத் தட்டுகிற பின்சுவரிலிருந்து, "டீச்சர், ஒண்ணுக்கு" என்று ஒரு குரல் கேட்டது. பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுவரின் வெள்ளைத் தூளில் வாயை வைத்து, அவரவர் குரலை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். சஃப்ரினுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. மணி அடித்த பிறகும் அவள் சுவரை நக்கிக்கொண்டிருந்தாள்.

அவளை இழுத்து அணைத்தபோதுதான் டீச்சரின் வலது உள்ளங்கை பேசியது.

"நா பேசல டீச்சர், அழுதேன். வாப்பா பெருநாளைக்கும் வரல, இனி ரெண்டு வருசம் ஆவும்ன்னுட்டாக. அழுததுக்கும் சுப்பு இன்ட்டு போட்டுட்டான்."

ஒன்பது நாளாகக் குரலைத் தேடி அலைந்தவர், பிள்ளை எதற்காக அழுதது என்று ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளங்கையை அவள் வாயில் வைத்து அழுத்தி, "எடுத்துக்கோட்டி, ஒன்னோடதுதான், எடுத்துக்கோ" என்று கெஞ்சினார். குரல் இறங்கவில்லை.

கேடயத்தைத் திருப்பி அனுப்பினார். பதவி உயர்வோடு வந்த மாறுதலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். இப்போது இடது கையால்தான் சாப்பிடுகிறார்; ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சஃப்ரின் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள், உள்ளங்கையில் இருக்கும் குரலுக்கு இன்னும் எட்டு வயதுதான். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் டீச்சர் அவள் வீட்டுக்குப் போகிறார். சவூதியில் தம்மாமிலிருந்து அவள் வாப்பா பரீது வீடியோவில் வருவார். அவள் முகத்தைக் காட்டுவாள், டீச்சர் போனுக்குப் பக்கத்தில் கையை விரிப்பார். போன வாரம் குரல் பேசவே இல்லை, அழ மட்டும் செய்தது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

"கையைக் கொஞ்சம் கிட்ட வைங்க டீச்சர்," என்றார் பரீது. "புள்ள அழுவுது, சரியா கேக்க மாட்டேங்கு."