மாதிரி ஓட்டு

ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை மூன்றையும் நீக்கிவிட்டு, திரையில் அப்பாவின் படத்தை ஏற்றினேன். மாநகராட்சித் தேர்தலில் இந்த முறை சோதனையாகத் தொடுதிரையில் ஓட்டு. பயிற்சி இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், பழங்களுக்கு ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுப்பது என் தற்காலிக வேலை. ஒரு வாரமாக ஆப்பிள்தான் முன்னணி. திராட்சைக்கு டெபாசிட் காலி.

பழத்தை எடுத்துவிட்டு ஆளை வைத்தது தெரிந்தால் என் மேலதிகாரி குதிகுதியென்று குதிப்பார். குதிக்கட்டும். அப்பா இரண்டு முறை எங்கள் வார்டு உறுப்பினராக இருந்தவர். மூன்றாம் முறை தோற்றதும், அதன்பின் ஓடிய பன்னிரண்டு வருடங்களும் அவர் நினைவிலிருந்து கழன்றுவிட்டன. தெருவில் போஸ்டரைப் பார்த்த நாளிலிருந்து, தானும் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அவருக்கோ அன்றுதான் தேர்தல். காலையிலேயே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஓட்டுப் போடாமல் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன் என்று ஒரே அடம். நிஜச் சாவடிக்குக் கூட்டிப்போனால் திரையில் அவர் இருக்க மாட்டார். அப்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"முத்திரை எங்கம்மா?"

"அதெல்லாம் கிடையாதுப்பா. உங்க மூஞ்சியத் தொடுங்க, போதும்."

"என் மூஞ்சில நானே கை வைக்கணுமா? நல்ல தேர்தல் போ!"

தொட்டார். சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! அத்தோடு நான் விட்டிருக்கலாம். எண்ணிக்கையையும் காட்டுகிறேன் பேர்வழி என்று அந்தப் பொத்தானையும் அழுத்தித் தொலைத்தேன்.

ஒன்று என்று வந்தது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, உங்கம்மாகூட எனக்குப் போடலையா?"

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் அவர் கேட்டபோதெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் போனாள் என்பது போலத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு, கடைக்குப் போயிருக்கிறாள், குளிக்கிறாள் என்று சமாளிக்கப் பழகிவிட்டேன். இதற்கு என்ன சொல்வது? செத்துப்போய்விட்டாள் என்றா, உங்களுக்குப் போடவில்லை என்றா?

"அம்மா இன்னும் ஓட்டுப் போடவே வரலப்பா."

அவர் முகம் தெளிந்தது. உடனே கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "அஞ்சு மணிக்கு மூடிருவாங்களே! எப்பவும் கடைசி நிமிஷத்துலதான் கிளம்புவா. நீ ஓடிப் போயி கையோட கூட்டிட்டு வா. நான் இங்க சொல்லி வைக்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். மாடி ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் போ, போ, சீக்கிரம் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார் அப்பா. இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்று தெரியவில்லை. அவர் பார்க்கிறாரே என்று ஓடினேன்.