ஊமையின் வரைபடம்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஊமை எழுந்திருக்கவில்லை.

ஊமை என்பது நாங்கள் வைத்த பெயர். தடயவியல் ஆய்வகத்துக்காக எங்கள் சிறிய நிறுவனம் நடத்திவந்த மெய்நிகர் எந்திரம் அது; ஒரு சர்வருக்குள் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓடும். அதன் நினைவகம் முழுக்கப் பூட்டப்பட்டது. எந்த சர்வரின் மேல் ஓடுகிறதோ அந்த சர்வருக்கே உள்ளே நடப்பது தெரியாது; எட்டிப் பார்த்தால் குப்பை எழுத்துகள்தான். சோதனைக்கு இன்னொன்றைப் பூட்டில்லாமல் வைத்திருந்தோம். அது தும்மினால்கூடத் திரையில் எழுதும். அதற்குப் பெயர் வாயாடி.

கிடங்குத் தீயில் இறந்த நாற்பத்தொரு பேரின் மரபணு விவரங்கள் ஊமையின் வட்டில் இருந்தன. இருபத்தொன்பது உடல்களுக்குப் பெயர் கிடைத்துக் குடும்பங்கள் வாங்கிப் போய்விட்டன. மீதி பன்னிரண்டை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒன்றாகத் தகனம் செய்வதாகச் சுகாதார அலுவலகம் சொல்லிவிட்டது. குளிர்சாதன லாரி பழுது, அக்கம்பக்கத்தில் நாற்றம் என்று புகார். ஆய்வக டாக்டரம்மா இரண்டு நாள் கேட்டார். இரண்டு மணி நேரம்கூடக் கிடையாது என்றார்கள்.

அன்று காலை மின்சார வேலைக்காக சர்வரை நிறுத்தி மறுபடி போட்டோம். மற்றதெல்லாம் எழுந்தது. ஊமை மட்டும் எழவில்லை.

நான் ஆய்வகத்துக்கே போய் உட்கார்ந்தேன். நடைபாதை பெஞ்சில் ஒரு பஸ் டிரைவர் காக்கிச் சட்டையோடு இருந்தார். அவருடைய தம்பி கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவன். பன்னிரண்டில் ஒருவன். கம்ப்யூட்டர் சரி செய்ய வந்தவன் நான்தான் என்று தெரிந்ததும் எழுந்து வந்தார்.

"ஒரு தடவை எரிஞ்சவன் சார். இன்னொரு தடவை கூட்டத்தோட எரிக்கணுமா? எங்கம்மா அவனைத் தனியாக் கொண்டுவான்னு சொல்லியிருக்கு."

பார்க்கிறேன் என்றேன்.

ஊமையைப் பழுது பார்ப்பது கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே இருப்பவனுக்கு என்ன நோய் என்று சொல்வது. அதைப் போலவே பூட்டிய ஒரு நகலை, வெறும் வட்டோடு, கிளப்பினேன். அதுவும் செத்தது. எந்த வரியில் என்று தெரியாது. எந்திரம் கிளம்பும்போது முதலில் ஓடும் நிரலான ஃபர்ம்வேரின் நடுவில் முடிவில்லாமல் சுற்றும் இரண்டு வரியைச் செருகி ஓடவிட்டேன். வெளியிலிருந்து தெரிவது ஒன்றுதான்: ப்ராசசர் உழைக்கிறதா இல்லையா. நூறு சதவீதம் காட்டினால் அந்த இடம் வரை உயிரோடு வந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. பூஜ்யம் என்றால் அதற்கு முன்பே காலி. பாதியில் வைப்பேன், அந்தப் பாதியில் பாதியில் வைப்பேன். ஒவ்வொரு முறைக்கும் இருபது நிமிடம். பத்தொன்பதாவது முறை மாட்டியது. மணி ஆறு.

கிளம்பும்போது படிக்க வேண்டிய அமைப்புகள் ஃபர்ம்வேர் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு சின்ன இடத்தில் பூட்டாமல் இருக்கும். நினைவக வரைபடத்தில் அந்த இடத்தை 'வெளி' என்றும் மற்றதை 'உள்' என்றும் குறிக்க வேண்டும். வெளியில் இருப்பதை உள் என்று குறித்துவிட்டால், பூட்டாததைப் பூட்டுத் திறக்கிறேன் என்று சிப் நல்ல எழுத்தைக் குப்பையாக்கிக் கையில் கொடுக்கும். ஃபர்ம்வேர் அதைப் படித்துவிட்டு அங்கேயே விழும். இங்கே நடந்தது அதுதான்.

அப்படிக் குறித்தவன் நான். மூன்று வாரத்துக்கு முன், கிளம்பும் நேரத்தில் அரை நொடி மிச்சம் பிடிக்கலாம் என்று, வரைபடத்தின் நாலு கிலோபைட் துண்டுகளை எடுத்துவிட்டு இரண்டு மெகாபைட் பெரிய துண்டு ஒன்றைப் போட்டேன். பெரிய துண்டு பக்கத்தில் இருந்த அமைப்புகளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. வாயாடியில் ஓட்டிப் பார்த்தேன், ஜோராக ஓடியது. ஓடாமல் என்ன? அதற்குப் பூட்டே கிடையாது. உள்ளும் வெளியும் அதற்கு ஒன்றுதான். பூட்டிய நகலில் ஒருமுறை ஓட்டியிருக்க வேண்டும். இருபது நிமிட வேலை. சோம்பல். ஊமையோ வியாழக்கிழமை வரை நிற்காமல், ஏற்கெனவே ஏற்றியிருந்த பழையதோடேயே ஓடிக்கொண்டிருந்தது.

திருத்துவது ஒரு வரி. அதில் பயனில்லை. ஊமையின் வட்டும் பூட்டியதுதான்; அதன் சாவி ஒரு தனிப் பெட்டகத்தில் இருக்கிறது. அது ஃபர்ம்வேரின் ரேகையை, அதாவது அதன் எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணைப் பார்க்கும். பட்டியலில் உள்ள ரேகை என்றால்தான் சாவியைக் கொடுக்கும். ஒரு எழுத்து மாறினாலும் ரேகை மாறும். நன்றாக ஓடிய பழைய ஃபர்ம்வேரைப் போடலாம் என்றால், புதியது ஏறிய அன்றே பழையதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது எங்கள் விதி. புதிதோ பழையதோ, பட்டியலில் சேர்க்க மூன்று கையெழுத்து வேண்டும். கூடவே ஒரு தாள்: யார், என்ன தவறு செய்தார், எப்போது.

முதல் கையெழுத்து மாமாவுடையது. அக்காவின் வீட்டுக்காரர், நிறுவனத்தில் எனக்கு மேலதிகாரி. இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு சர்வர் அறையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டிருந்த என்னை, இவனுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து வேலைக்குச் சேர்த்தவர். போனில் எல்லாம் சொன்னேன்.

"மாப்ள, நீ உண்மையை எழுதினா முதல்ல உன் தலை, அடுத்தது என் தலை. தெரியுதில்ல?"

கருவிக் கோளாறு என்று எழுதலாமா என்று அவரே கேட்டார், அவரே வேண்டாம் என்றார். அப்படி எழுதினால் சிப் செய்தவர்களைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து ஆகும், இரண்டு நாள். ரேகை மாறாமல் வெளியிலிருந்தே ஏதாவது செய்ய முடியுமா பார் என்றார். நினைவகத்தின் அளவைக் கூட்டு, குறை, கருவிகளை இடம் மாற்று.

அது நடக்காது. ஃபிளாஷ் ஒரே முகவரியில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். மற்றதை எப்படி நகர்த்தினாலும் அது நகராது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் சரி மாமா என்றேன். எட்டு ஜிபி கொடுத்தேன், பன்னிரண்டு கொடுத்தேன், பதினாறு கொடுத்தேன். மறுநாள் காலை வந்து நெட்வொர்க் அட்டையைக் கழற்றினேன். டாக்டரம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். கை சும்மா இல்லாமல் இருந்தால் மனசாட்சி வாயைத் திறக்காது.

டிரைவர் அன்றும் அதே பெஞ்சில். அன்றைய ஷிஃப்டை யாரிடமோ மாற்றிக்கொண்டாராம். பத்தரைக்கு எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

"பஸ்ஸு நின்னா நாங்க இறங்கித் தள்ளச் சொல்லுவோம். உங்க வண்டியில அந்த வசதி இல்லையா?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு மேலும் இரண்டு மணி நேரம் நடக்காத வேலையைச் செய்தேன்.

பன்னிரண்டு நாற்பதுக்குத் தாளை எழுதினேன். திடீர் ஞானம் ஒன்றும் இல்லை. மாற்றிப் பார்க்க எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். என் பெயர், பெரிய துண்டு, வாயாடியில் மட்டும் ஓட்டியது, தேதி. மாமா மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மா படித்தார், என்னைப் பார்த்தார், போட்டார். மூன்றாவது, தடயவியல் துறையின் அதிகாரி. கூட்டத்தில் இருந்தார். முந்தின நாள் மாலை முழுக்க அவர் அலுவலகத்தில்தான் இருந்தார் என்று அவருடைய உதவியாளர் சொன்னார். மூன்று ஐந்துக்குக் கையெழுத்து வந்தது.

மூன்று இருபதுக்கு ஊமை எழுந்தது. ஒப்பிடும் வேலை ஓடி முடியக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். டாக்டரம்மா தகனக் கூடத்துக்குப் போன் போட்டார். வண்டி உள்ளே வந்தாயிற்று, இறக்கிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அவர் கத்தினார். அவர்கள் வைத்துவிட்டார்கள். டிரைவர் கூடத்துக்கு ஓடினார். வாசலிலேயே மறித்துவிட்டார்களாம். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஐந்து பத்துக்கு ஒப்பீட்டு முடிவுத் தாள் வந்தது. முப்பத்தொன்றாம் எண். டிரைவருடைய தாயின் மாதிரியோடு பொருத்தம். டாக்டரம்மா கொண்டுபோகக் கிளம்பினார். நான் வாங்கிக்கொண்டு போனேன்.

டிரைவர் எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தார். நாலு மணிக்கு முன்னால் வந்திருந்தால் தனியாகக் கொடுத்திருப்பார்களா என்று கேட்டார். கொடுத்திருப்பார்கள் என்றேன்.

"கோளாறு எங்க இருக்குன்னு எனக்கு நேத்து ஆறு மணிக்கே தெரியும்ணே. கோளாறு நான் பண்ணினது. எழுதிக் குடுத்தா வேலை போயிடும்னு இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எழுதல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். பேனா இருந்தது.

"அதை இதுலயே எழுதுங்க. நேத்து ஆறு மணின்னு. நான் ரெண்டு நாளா இங்க சும்மா உக்காந்திருந்தேன்னுதான் அம்மா நினைக்கும். வீட்டுக்குப் போய் நான் இதைக் காட்டணும்."

தாளைச் சுவரில் வைத்து எழுதினேன். என்ன தெரியும், எப்போது தெரியும், ஏன் சொல்லவில்லை. பெயர் போட்டேன். சுவர் சொரசொரப்பு, எழுத்து கோணலாக விழுந்தது. அவர் வாங்கிப் படித்துவிட்டு, போன் நம்பரும் எழுதச் சொன்னார்.

"அம்மா கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

எழுதிக் கொடுத்தேன்.