பின்பாரம்

கேஷானி மூன்றாவது முறையாக வாரை இறுக்கினாள். தன் கண்களை மூடியிருந்த கறுப்புப் பெட்டியைக் கையால் தாங்கியபடி, "மூக்கு ஒடியப் போகுது புள்ள" என்றான் கூடப் படிக்கும் ஜெஸ்டின். நான்கு நிமிடம்தான் தாங்கினான். கொப்பியில் எழுதினாள்: நான்காவது ஆள், கை வைத்தார்.

பதுளை பஸ் நிலையத்துக்கு மேல்மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் இருந்த, தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரே மெய்நிகர்க் கருவி அது. அதன் வரைபடம் இணையத்தில் எல்லோருக்கும் பொது. யாரும் எடுத்துத் திருத்தலாம். திரை, வில்லை, பற்றரி, வார் எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். வகுப்பை நடத்தும் ஹுமைத் சேர் ஒரே நிபந்தனைதான் வைத்திருந்தார்: யாராவது ஒருவர் பத்து நிமிடம் கருவியில் கை படாமல் அணிந்திருக்க வேண்டும். இன்று ஆறு மணிக்குள் முடியாவிட்டால் கருவி அடுத்த குழுவுக்கு. மூன்று மாத உழைப்பு. வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால் எப்போதோ சரியாகியிருக்கும் என்று நினைத்தாள். அதைக் கொப்பியில் எழுதவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்துத் தையல் வகுப்பிலிருந்து, அடுத்து அணிந்து பார்க்க நிலுக்ஷியைக் கூட்டிவந்தாள். இருவரும் ஒரே தேயிலைத் தோட்ட லயம். நிலுக்ஷி பகலில் கொழுந்து எடுக்கிறவள்.

கருவியை மாட்டிக்கொண்ட நிலுக்ஷி, பின்மண்டைக்குப் போகவேண்டிய வாரை உச்சந்தலைக்கு இழுத்துவிட்டு, அதன் கீழே கைக்குட்டையை மடித்துச் செருகினாள்.

"அங்க இல்லடி, பின்னால."

"கயித்த உச்சியிலதானே போடுவாங்க?" கருவி முன்னால் சரிந்தது. "என்னாடி இது, கூடைய மூஞ்சில கட்டி விட்டுருக்க? பாரத்த முதுகுப் பக்கம் போடு!"

ஜெஸ்டின் சிரித்தான். கேஷானிக்குச் சிரிப்பு வரவில்லை. வாரைத்தான் மூன்று மாதமாக இறுக்கியிருக்கிறாள். பாரம் எங்கே தொங்குகிறது என்று பார்க்கவே இல்லை. தலைக்கயிற்றில் கூடை சுமப்பவர்கள் நடுவில் பிறந்து வளர்ந்தும்.

ஐந்து இருபத்தைந்து. முன்பக்கத்திலிருந்து பற்றரியைக் கழற்றினாள். வயரை நீட்டி ஈயம் வைத்தாள். முதல் பற்றவைப்பு விட்டுப்போனது, மறுபடி வைத்தாள். நிலுக்ஷி துண்டுத் துணியில் ஒரு பை தைத்துக் கொண்டுவந்தாள். பற்றரி அதற்குள் போய்ப் பிடரியில் தொங்கியது. வார் இப்போது உச்சியில்.

ஐந்து நாற்பத்தெட்டுக்குத் தொடங்கினார்கள். கீழே கண்டக்டர் வெலிமடை, வெலிமடை என்று கூவிக்கொண்டிருந்தார். ஹுமைத் சேர் கடிகாரத்துடன் வாசலில் நின்றார்.

எட்டாவது நிமிடம் நிலுக்ஷியின் வலது கை எழுந்தது. கேஷானியின் பேனா நின்றது. கை கன்னத்தருகே வந்தது. கருவியைத் தொடாமல் தாண்டி முன்னே நீண்டு, திரையில் அவளுக்கு மட்டும் தெரிந்த எதையோ இரண்டு விரலால் மெல்லப் பிடித்தது.