நாற்காலிக்குப் பின்னால் நின்ற நாயகன்

தட்டையாக எடுத்த சினிமாவை முப்பரிமாணமாக்கி ஆழம் கொடுக்கும் கூடத்தில் தங்கைக்கு வேலை. ஒவ்வோர் உருவத்தையும் கோடிட்டுப் பிரித்து, இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சற்றே நகர்ந்த இன்னொரு படம் என்று அமைப்பாள். அரங்கில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி அவற்றை அந்தந்தக் கண்ணுக்குப் பிரித்து அனுப்பும். மூளை இரண்டையும் ஒன்றாக்கி, இல்லாத தூரத்தை இருப்பதாக நம்பிவிடும். யார் முன்னே, யார் பின்னே என்பதெல்லாம் அவள் நகர்த்தும் மயிரிழையில் இருந்தது.

நாயகனிடமிருந்து ஒரே கட்டளை வந்தது: எந்தக் காட்சியிலும் தமக்கு முன்னால் எவரும் இருக்கக் கூடாது.

ஒரு காட்சியில் அது முட்டிக்கொண்டது. தாய் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறாள். மகன் பின்னால் நின்று கேட்கிறான். தாயாக நடித்தவள் தங்கையின் சொந்த அக்கா. காலமெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவளுக்கு முதன்முதலாக வாய் திறக்கக் கிடைத்த காட்சி. மேடைதோறும் தாயைத் தெய்வம் என்று முழங்கும் நாயகன், அந்தத் தெய்வத்துக்குப் பின்னால் நிற்க மட்டும் ஒப்பவில்லை.

தங்கை கட்டளைப்படியே செய்து, தயாரிப்பு நிர்வாகிக்குப் போட்டுக் காட்டினாள். மகன் முன்னே வந்தான். தாயின் தோளோ அவன் மார்பை மறைத்தபடியே இருந்தது. மறைப்பது முன்னால்தான் இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்த நியாயம். தாயின் உடம்பில் ஓட்டை போட்டு மகன் எட்டிப் பார்ப்பதுபோல் ஆயிற்று. நிர்வாகி நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினார்.

"இப்ப நல்லாத்தானேம்மா இருக்கு?"

"ஒத்தக் கண்ணுக்கு எல்லாமே தட்டைதான் சார். படம் பார்க்க வர்றவங்களையும் ஒரு கண்ண மூடிக்கச் சொல்லிடலாமா?"

அவர் சிரிக்கவில்லை. காட்சியையே வெட்டிவிட்டால் தொல்லை விட்டது என்றார். தான் பேசும் காட்சி வருகிறது என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதைத் தங்கை சொல்லவில்லை. நாயகனே ஒருமுறை பார்த்து முடிவு செய்யட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

நாயகன் வந்து பார்த்தார். தலை வலித்தது. தம்மைப் பின்னால் நிறுத்திய இன்னொன்றையும் பார்த்தார். தலை வலிக்கவில்லை, மற்றதெல்லாம் வலித்தது. வெட்டிவிடலாமா என்று நிர்வாகி கேட்டதற்கு, தாம் கண்ணீர் விடும் இடம் அதில்தான் இருக்கிறது என்று மறுத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"அந்த சீன்ல யாரும் முன்னாலயும் வேணாம், பின்னாலயும் வேணாம்."

தங்கை அந்தக் காட்சியின் நகர்த்தல்கள் அனைத்தையும் எடுத்துவிட்டாள்; இரு கண்ணுக்கும் ஒரே படம். தலைமுறை தலைமுறையாகக் கெஞ்சியும் கிடைக்காத சமத்துவம், ஒருவரின் வீம்பினால் ஒரு காட்சிக்குக் கிடைத்தது.

படம் வெளியான அன்று அக்காவும் தங்கையும் அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்தார்கள். காட்சி வந்தது.

"நான் ஏண்டி காகிதம் மாதிரி இருக்கேன்?"

"அவரும்தான்க்கா."

ஆழம் போனதும், முன்வரிசைகளில் ஆட்கள் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்கள். படம் இரட்டையாகத் தெரியவில்லை. கண்ணாடி அதுவரை விழுங்கிய வெளிச்சமும் சேர்ந்து திரை பளிச்சென்றது. கழற்றியதை அவர்கள் உடனே மாட்டிக்கொள்ளவில்லை. அக்கா பேசி முடிக்கும் வரை, அத்தனை பேரும் வெறுங்கண்ணால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.