தொண்டைக்கு ஓய்வு

மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் ஈர விரிப்புகள் இஸ்திரி உருளைக்கு முன்னால் மலையாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு விரிப்பாக எடுத்து, இரண்டு முனைகளை அவள் பிடிக்க, எதிர்ப்பக்கம் நிற்கும் தோழி மற்ற இரண்டைப் பிடிக்க, இருவரும் ஒரே சமயத்தில் உதறிச் சுருக்கம் விழாமல் உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். எப்போது உதறுவது என்று குரல் கொடுப்பது அவள் பொறுப்பு. ‘ஆங்!’ என்று ஒரு சத்தம் விடுவாள். நீராவியின் சீறலையும் சலவைப் பொறிகளின் உறுமலையும் தாண்டி அது வாசல்வரை போகும். அதனாலேயே அந்தக் கூடத்தில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பேர்.

அன்று வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. தோழி சத்தத்துக்குக் காத்து நிற்க, விரிப்பு ஒருபக்கமாக இழுபட்டு உருளைக்குள் கோணலாகப் போய்ச் சுருட்டிக்கொண்டது. பொறியை நிறுத்த வேண்டியதாயிற்று.

"என்னடி, ரேடியோல பேட்டரி தீந்துபோச்சா?" என்று சிரித்துக்கொண்டே வந்த தோழி, அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். "கரகரங்குது, போய்க் காட்டுன்னு எத்தனை தடவ சொன்னேன்? இப்பவே கிளம்பு. சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இறக்கித் திரையைக் காட்டினார். இரண்டு வெள்ளை நாடாக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் குருணை ஒட்டியதுபோல ஒரு வீக்கம்.

"பாட்டுப் பாடுறவங்களா நீங்க?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"டீச்சரா? ஏலம் விடுறவங்களா? சும்மா பேசுனதுக்கு இப்படி ஆகாதே."

"புஸ்தகம் படிப்பேன். வாய் விட்டு. வீட்டுக்காரருக்கு," என்று கிசுகிசுத்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"சாயங்காலம் வந்து உக்காந்தா, அவர் போதும்ங்கற வரைக்கும்."

மருத்துவர் குழாயைத் துடைத்து வைத்தார். "ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. இப்பப் பேசுனீங்களே, அந்தக் கிசுகிசுப்பு இன்னும் கெடுதல். அடங்கலேன்னா கத்தி வைக்கணும். அப்புறம் என்ன குரல் மிச்சமிருக்கும்னு நான் சொல்ல முடியாது."

ஒரு மாதம் என்றதும் அவளுக்குத் தன் தொண்டை நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்காரரின் பரீட்சைதான் வந்தது. அதுவும் ஒரு மாதத்தில்தான்.

அவள் கணவன் கொதிகலன் பட்டறையில் வெல்டராக இருந்தவன். குழாய் ஒன்று வெடித்ததில் இரண்டு கண்களும் போயின. ஓராண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பிறகு எவரோ சொல்லி, சமூகப் பணிப் பட்டப்படிப்பில் சேர்ந்தான். தன்னைப் போல் அடிபட்டவர்களிடம் மருத்துவமனைகளில் பேசுவதற்கு ஆள் தேவை, அந்த வேலைக்குப் போகலாம் என்பது அவன் கணக்கு. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவன் போனில் இருந்தது. அது செய்தியைப் படிக்கும், பேருந்து நேரத்தைப் படிக்கும். ஆனால் பல்கலைக்கழகத் துறையிலிருந்து வந்த பாடங்களை மட்டும் படிக்காது. அவை காகிதத்தை நிழற்படமாக எடுத்து அனுப்பியவை. அதற்குள் எழுத்து இருப்பதே போனுக்குத் தெரியாது. "படம்," என்று சொல்லும். அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் மறுபடி, "படம்."

முதல் ஆண்டிலேயே அவன் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டான். அங்கிருந்த எழுத்தர் அவன் தோளைத் தட்டி, "உங்களுக்கென்னங்க, வீட்ல படிச்சுக் காட்ட ஆள் இருக்கு. அதுவும் இல்லாதவங்க எத்தனையோ பேர்," என்றார். கேட்டதே பேராசையோ என்று அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. அதன்பின் கேட்கவில்லை. அவள் படித்தாள். வாயில் நுழையாத சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அடிக்குறிப்பையும் விடாமல் படித்தாள். காய்ச்சலிலும் படித்தாள்.

அன்று மாலை வீட்டுக்குள் வந்ததும்தான் புதிய சங்கடம் விளங்கியது. அவளால் பேச முடியாது. அவனால் பார்க்க முடியாது. கையை ஆட்டினால் யாருக்கு? எழுதிக் காட்டினால் எதற்கு?

"யாரு? நீதானா? ஏன் பேசாம நிக்கிற?" அவன் எழுந்துவிட்டான். "கோவமா?"

அவள் போய் அவன் கையைப் பிடித்தாள். பிறகு தன் போனை எடுத்து, தட்டுத்தடுமாறி எழுதி, அவன் போனுக்கு அனுப்பினாள். அவன் போன் வாசித்தது. தான் எழுதும் விடைகளில் நிறுத்தக்குறிகள் சரியா என்று தெரிய வேண்டுமே என்று அவன் எல்லாக் குறிகளையும் வாசிக்கும்படி வைத்திருந்தான்.

"தொண்டை புண்ணாப் போச்சு முற்றுப்புள்ளி ஒரு மாசம் பேசக் கூடாதாம் முற்றுப்புள்ளி பயப்படாதீங்க முற்றுப்புள்ளி."

அவன் தடவி நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு, "என்னாலதான்," என்றான். "இந்த வருஷம் வேண்டாம். விட்டுடறேன். நீ நல்லா இருந்தாப் போதும். இந்த வயசுல எனக்குப் பட்டம் எதுக்கு, காத்தாடி விடவா?"

அவள் வேகவேகமாக எழுதினாள். போன், ஏற்றமுமில்லாமல் இறக்கமுமில்லாமல், ரயில் நிலைய அறிவிப்பைப் போல வாசித்தது:

"இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்துனது இதுக்குத்தானா கேள்விக்குறி. நீங்க படிப்பை விட்டா நான் இந்த வீட்டை விட்டுப் போறேன் ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி."

முதலில் அவனுக்குத்தான் சிரிப்பு வந்தது. "ஏய், மூணு ஆச்சரியக்குறியா? அவ்வளவு கோவமா?" அவள் சிரிக்கவும் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்தக் குலுக்கல் அவள் தோளிலிருந்து அவன் கைக்குத் தெரிந்தது.

மறுநாள் அவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவனோடு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அவள் கண்ணாக முன்னால் நடந்தாள். அவன் வாயாகப் பின்னால் வந்தான். துறை அலுவலக எழுத்தர் பழைய பாட்டையே பாடினார். "வீட்ல இல்லேன்னா பக்கத்து வீட்ல யாராவது படிச்சுக் காட்ட மாட்டாங்களா?" அவள் அவன் முழங்கையை இழுத்தாள். நூலகத்தின் பின்புறம், மாற்றுத்திறன் மாணவர்களுக்கென்று சென்ற பருவத்தில்தான் ஓர் அறை திறந்திருக்கிறார்கள் என்று வாசல் காவலாளி சொன்னார்.

அது பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்த அறை. ஓரத்தில் ஒரு ஸ்கேனர், இரண்டு கணினி. சக்கர நாற்காலியில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்தத்தில் இருக்கும் உதவியாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். அவன் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்கண்ணா. எந்தப் பாடம், பாப்போம்."

பாடத்தைத் திரையில் பெரிதாக்கினாள். பக்கத்தின் ஓரத்தில் கறுப்பு நிழல், நடுவில் யாரோ போட்ட அடிக்கோடு, கீழே ஒரு பெருவிரல் ரேகை.

"இது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். ஆனா அச்சடிச்ச புஸ்தகம் இல்லையே," என்று முணுமுணுத்தாள். "யாரோ கம்ப்யூட்டர்ல டைப் பண்ணிருக்காங்க. ஏண்ணா, இது யாரோட குறிப்பு?"

"பேராசிரியை அம்மாவோடது. முக்கால்வாசி அவங்களோடதுதான்."

"அப்ப அவங்ககிட்டயே மூல ஃபைல் இருக்குமே! வாங்க."

பேராசிரியையின் அறைக்கு முன்னால் இரண்டு படிகள் இருந்தன. உதவியாளர் படிக்குக் கீழே சக்கரத்தை நிறுத்திவிட்டுப் போனில் கூப்பிட்டாள். பழக்கப்பட்ட வேலை போலச் செய்தாள். பேராசிரியை கையில் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார்.

"என்கிட்ட இருக்கே," என்றார். "எல்லாமே இருக்கு. நான் வகுப்புக்குன்னு டைப் பண்ணினதுதான். ஆபீஸ்ல பிரிண்ட் கேட்டாங்க, குடுத்தேன். அவங்க அதை ஜெராக்ஸ் போட்டு, திரும்ப ஸ்கேன் பண்ணியா அனுப்புனாங்க?" அவனைப் பார்த்தார். அவர் கண் அவளிடம் போயிற்று. "உங்களுக்குக் கிடைக்குதுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன். இத்தனை நாளா எப்படிப் படிச்சீங்க?"

அவன் பக்கத்தில் நின்றவளைக் கையால் தேடி, "இவ படிச்சா," என்றான்.

பேராசிரியை அவளிடம், "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார்.

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று கையை விரித்தாள். அவர் ‘ஓ’ என்றார். கோப்பையைத் திண்டில் வைத்துவிட்டு, அவன் போன் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர் திரும்பி வருமுன்பே அவன் சட்டைப்பையில் போன் மணியடிக்க ஆரம்பித்தது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அவன் எடுத்துத் தடவினான். "குழு ஆலோசனை, அலகு ஒன்று," என்றது போன். அடுத்ததைத் தட்டினான். இந்த முறை அது "படம்" என்று சொல்லவில்லை. முதல் வரியிலிருந்து கடகடவென்று வாசித்துக்கொண்டே போயிற்று. அவன் வேகத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் அது ஓட, அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே, "புரியுது! அடேயப்பா, எல்லாம் புரியுது!" என்று பள்ளிக்கூடப் பையனைப் போலச் சத்தம் போட்டான்.

அச்சுப் புத்தகங்கள் சில மிச்சமிருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து, பிழை பார்த்து, எழுத்தாக மாற்றித் தருவதாக உதவியாளர் ஏற்றுக்கொண்டாள். சொன்னபடியே தவணை தவணையாக அனுப்பினாள். வரைபடம் வரும் இடங்களில் அது எதைக் காட்டுகிறது என்று தானே இரண்டு வரி எழுதியிருந்தாள்.

அதன்பின் அந்த வீட்டு மாலைகள் மாறிப்போயின. அவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பாடத்தில் மூழ்கிவிடுவான். அவளுக்கோ கைக்கும் வாய்க்கும் வேலையில்லை. முதல் சில நாட்கள் எதையோ பறிகொடுத்தவள்போல அறைக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். பிறகு சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். எதிர்மாடியில் ஒருத்தி சட்டைகளைக் கொடியில் தப்பும் தவறுமாக மாட்டுவதைப் பார்த்து மனதுக்குள் திருத்தினாள். பொழுதோடு படுத்தாள், அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். சலவைக் கூடத்தில் தோழி ‘ஆங்’ சொல்லப் பழகிக்கொண்டாள். "உன் அளவுக்கு வராதுடி. என் சத்தத்துக்கு விரிப்பே பயப்பட மாட்டேங்குது," என்பாள்.

பரீட்சையைக் கணினியில் அவனே எழுதினான். வெளியே வந்தவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குது," என்றான். "அவ்வளவு நல்லா எழுதியிருக்கேன்." வீடு வரும்வரை ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் அவன் கையை அழுத்தினாள். அவனுக்கு இன்னும் ஒரு தாள் பாக்கி. அதையும் ஊதித் தள்ளிவிடுவான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசித் தாளுக்கு முதல் நாள் அவள் வேலையிலிருந்து நேராகத் தொண்டை மருத்துவரிடம் போனாள். குழாய் இறங்கி ஏறியது. வீக்கம் வடிந்திருந்தது.

"கத்தி வேண்டாம்," என்றார் மருத்துவர். "பிழைச்சீங்க. ஆனா அந்த நாடா தடிச்சது தடிச்சதுதான். பழைய குரல் வராது. மெதுவாப் பேசுங்க. எங்க, ‘ஆ’ சொல்லுங்க."

சொன்னாள். கனத்து, அடியில் மணல் உரசுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவளுக்கே திடுக்கென்றது. ஆனாலும் சத்தம் வந்துவிட்டதே! வெளியே வந்து கடையில் நல்ல பழமாகப் பார்த்து வாங்கினாள். கடைக்காரரிடம் விரலைக் காட்டியே முடித்துக்கொண்டாள். பேருந்திலும் சீட்டுக்குக் கையைத்தான் நீட்டினாள். முதல் பேச்சு அவனோடு என்று வழியெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சன்னல் வழியாக, தனியாக இருந்ததால் காதுக் கருவியில்லாமல் அவன் ஓடவிட்ட போன் அசுர வேகத்தில் பாடம் வாசிப்பது கேட்டது. இரண்டு கையிலும் பை. கதவோரம் போய் நின்று, மூச்சைச் சேர்த்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"என்னங்க, கதவைத் திறங்க."

உள்ளே பாடம் நின்றது. நாற்காலி நகர்ந்தது. அவன் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பது தெரிந்தது.

"யாருங்க?" என்றான் மரியாதையாக. "வீட்டம்மா வேலைக்குப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க. கொஞ்சம் பொறுத்து வாங்களேன்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் காலடி கதவை விட்டு விலகியது, நாற்காலி மறுபடி நகர்ந்தது, பாடம் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.