கணுவுக்குக் கணு சுவர்

நெற்பயிரின் தண்டை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. ஆய்வகத்துக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருப்பவர் என் வீட்டுக்காரர். காலையில் சாப்பிடும்போது அவரிடம் தண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உள்ளே ஒண்ணுமே இல்லீங்க. வெறும் குழல்."

"அப்படியா!" என்றவர், தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மீதியைச் சுவரிடம் சொல்லி முடித்தேன்.

மதியம் கடையில் ஒரே கூச்சல். ஸ்ட்ரா தீர்ந்துவிட்டதாம். மனுஷர் எங்கள் ஆய்வக வாசலில் கிடந்த மிச்சத் தண்டுகளில் தடியானதாகப் பொறுக்கி, அலசி, தம்ளருக்கு ஒன்றாகச் சொருகிக் கொடுத்திருக்கிறார். பெஞ்சு நிறைய ஆட்கள் கன்னம் ஒட்ட உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு ஏறவில்லை.

"வெறும் குழல்னு நீதானே சொன்ன?" என்று என்மேல் பாய்ந்தார்.

"கணுவுக்குக் கணு உள்ளே சுவர் இருக்குன்னும் சொன்னேன்."

"எப்போ?"

"நீங்க கை கழுவிக்கிட்டிருந்தப்போ."

முறைத்துக்கொண்டே கணுக்களை வெட்டி எறிந்தார். மிஞ்சிய துண்டு விரல் நீளம்கூட இல்லை. ஆட்கள் நுரையில் மூக்கை முக்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது அவராகவே என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நெல்லோட வேர் தண்ணிக்குள்ளேயே கிடக்குதே, அழுகாம எப்படி இருக்கு?"

கல்யாணமான நாளாக என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"வேருக்குள்ளே காத்து போக வழி இருக்கு. மேலேயிருந்து இறங்கி வருது. ஆனா அதுல ஒரு விஷயம் என்னன்னா..."

அவர் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.